அடுப்பு மெழுகிய மாவு

14.2.84, செவ்வாய்

தோல் பதனிடும் டேனரியில் பாய்லர் குழாய்க்குப் புதுப் பூச்சு போட இன்று மெட்ராஸிலிருந்து ஓர் ஆள் வந்தான். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் மாவு மூட்டையையே பிரித்தான். ஏன் என்றேன்.

"கல்நார்ண்ணே இது, ஆஸ்பெஸ்டாஸ். நெருப்புல கூட எரியாது. தூசி உள்ள போனா நெஞ்சு போய்டும்."

பதினைந்து வருஷமாக அதை வெறுங்கையால் பிசைகிறேன். என் கதை போகட்டும். மிஞ்சிய மாவை வீட்டுக்கு எடுத்துவந்து, அடுப்பு மெழுகச் சொல்லி பெண்டாட்டி சரோஜாவிடம் கொடுத்ததும் நான்தானே. சூட்டில் வெடிக்காது என்று அவளுக்குப் பெருமை. வெள்ளிக்கிழமைதோறும் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவாள். ஒரு வருஷமாக இருமுகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆணியால் அடுப்புப் பூச்சில் ஓரிடத்தைப் பெயர்த்தேன். உள்ளே வெள்ளை நார். தணலில் போட்டேன். சிவந்தது, எரியவில்லை. ஆறியதும் பழையபடி வெள்ளை.

"இன்னா பண்றீங்க? நல்லா இருக்கிற அடுப்ப!" என்று திட்டிக்கொண்டே சரோஜா பள்ளத்தில் மாவைக் குழைத்து விரலால் பூசி அடைத்தாள். நான் ஆணியைத் துடைத்து மாடத்தில் வைத்தேன்.

அவள் சொன்னாள்: "மாதனூர்ல நம்ம பொண்ணுக்கும் இந்த மாவு குடுத்தேன்ல, அவ அடுப்பு விரிசலே வுடலயாம். இன்னும் கொஞ்சம் மாவு கேக்குறா. நாளைக்கு எடுத்துனு வாங்க."

சரி என்று தலையாட்டினேன்.