அதிகம் தேய்ந்த மணிகள்

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு சின்னச் சொதப்பல். பாறைக்குள் சிர்கான் என்று பொடி மணிகள் இருக்கும். அவற்றைப் பிசினில் பதித்துப் பாதிவரை தேய்த்து, நடுவில் யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று அளந்தால்தான் பாறை பிறந்த காலம் தெரியும். நான் நடுவையே தேய்த்துத் தள்ளிவிட்டேன். இருநூறு கோடி வருஷம் தாங்கியது, என் கையில் பத்து நிமிஷம் தாங்கவில்லை.

"அப்படி என்னப்பா அவசரம்? மிச்சக் கல்லும் இல்லையே!" என்றார் பேராசிரியர். சீக்கிரம் முடித்து வீட்டுக்கு வரத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்த வருஷம் பட்டம் இல்லை. அடுத்த வருஷமும் சந்தேகம்தான். கவலைப்படாதே. போனில் பேசும்போது டி.வி.யை அணைக்காதே, அது பாட்டுக்கு ஓடட்டும், நம் வீட்டுச் சத்தம் எனக்கும் கேட்கும். என் கட்டிலைத் தம்பிக்கே கொடுத்துவிடு.

ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது.

உன் மூத்தவன்