பிடித்திருக்கிறது, அதோடு சரி

ஜூன் 10

ஸ்ரீநாத் இன்று ஆபீஸ் கேன்டீனில் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து, ஊறுகாய்கூட இல்லாமல் தயிர் சாதம் சாப்பிட்டான். பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அது போதும். அவன் திரும்பிப் பார்க்க வேண்டாம், பேசவும் வேண்டாம்.

கல்லூரியில் ராகேஷ் விஷயத்திலும் இப்படித்தான். வேலப்பன்சாவடி ஸ்டாப்பில் அவனைப் பார்த்துப் பார்த்து உருகினேன். "எனக்கும் உன்னைப் பிடிக்கும்" என்று அவன் சொன்ன மறுநாள், அந்த முகத்தைப் பார்த்தாலே குமட்டியது. என்ன பிறவி நான்?

ஜூன் 16

பெரியப்பா கோதண்டம் இன்னொரு வரனோடு வந்தார். "இன்னாமா, முப்பது ஆவப்போவுது. எத்தினி பேர வேணாம்னுவ?"

யோசித்துத்தான் சொன்னேன். ஆபீஸில் ஸ்ரீநாத் என்று ஒருவனைப் பிடித்திருக்கிறது, நம் சாதி இல்லை என்று. எங்கள் வீட்டில் இதற்கு என்ன நடக்கும் என்று தெரியாதா? திட்டுவார்கள், முடியவே முடியாது என்பார்கள். காதலில் தோற்றவள் என்று கொஞ்ச காலம் விட்டுவைப்பார்கள். அவனுக்கு எதுவுமே தெரியவராது.

ஜூன் 17

அப்பா சாப்பிடாமலே வெளியே கிளம்பிப் போனார். நல்லது.

ஜூன் 23

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. அப்பா ஒப்புக்கொண்டார்! அதற்காகப் பெரியப்பாவின் சட்டையைப் பிடித்திருக்கிறார். "எம் பொண்ணு ஆசதான் எனக்கு. நீ வராங்காட்டி போ!" என்று சொந்த அண்ணனிடமே. வீட்டை விசாரித்து நெமிலிச்சேரிக்குப் போய் ஸ்ரீநாத்தின் அம்மா சாவித்திரியிடமும் பேசிவிட்டார். அவர்களுக்கும் சம்மதமாம். ஆடி பிறப்பதற்குள் பூ வைக்க வருகிறார்களாம்.

"இப்ப சந்தோசமாம்மா?" என்று கேட்டார் அப்பா. தலையாட்டினேன்.

ஜூன் 25

ஸ்ரீநாத் என் மேசைக்கே வந்தான். "சொல்லவே இல்லியே அகல்யா. நானும் உங்கள கவனிச்சிகினுதான் இருந்தேன்." முகமெல்லாம் சிரிப்பு. அந்த நிமிடமே எல்லாம் போய்விட்டது. அவன் கை பட்டதும் ரெஸ்ட்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

ஜூன் 30

நெட்டில் தேடினேன். இதற்குப் பெயர் இருக்கிறது — லித்ரோமான்டிக். பிடிக்கும்; ஆனால் பதிலுக்குப் பிடிக்க வேண்டாம், சேர்ந்து வாழவும் வேண்டாம். இப்படி நிறையப் பேர் இருக்கிறார்களாம். படித்துவிட்டு அழுதேன். அம்மாவிடம் சொன்னேன். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப்பூடும்டி."

ஸ்ரீநாத்திடமும் சொன்னேன். "அப்போ என்ன புடிக்கலியா? வேற யாராச்சும் கீறாங்களா?" என்றான். இல்லை, இல்லை, இல்லை. கல்யாண பயம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தான்.

ஜூலை 7

பூ வைக்க வந்தார்கள். சாவித்திரி அம்மா மல்லிகைச் சரத்தோடு என் கூந்தல் பக்கம் கை நீட்டினார். தலையை நகர்த்திவிட்டேன். மறுபடி நீட்டினார், மறுபடி நகர்த்தினேன். அப்பா தாம்பாளத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

முடியலப்பா. நெசமாவே முடியலப்பா —

ஜூலை 8

அம்மா அடித்தாள். அப்பா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

செப்டம்பர் 5

பெரியப்பா மகள் கல்யாணம். எங்களை அழைக்கவில்லை. மேளச் சத்தம் காட்டுப்பாக்கம் முழுக்கக் கேட்டது. அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். இனி எனக்கு வரன் பார்ப்பதில்லை என்று அம்மா யாரிடமோ போனில் சொன்னாள். நான் கேட்டது இதைத்தானே?

செப்டம்பர் 20

லிஃப்டில் என்னைப் பார்த்ததும் ஸ்ரீநாத் வெளியேறிப் படியில் இறங்கிப் போனான். முகத்தில் அத்தனை வெறுப்பு. சட்டைக் காலர் பின்னால் மடங்கியிருந்தது. அவன் மறையும்வரை கதவை மூடவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடவுளே, மறுபடி அவனைப் பிடித்துவிட்டது. இந்த முறை வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.