ஓரக்கண் அம்மன்

பெப்ரவரி 11, ஞாயிறு

அலுமாரியைத் திறந்து முப்பத்தேழு பொம்மைகளுக்கும் தூசு தட்டினேன். தலை வாரி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. மனைவி அனுஷியா சட்டியைச் சத்தமாக வைத்தாள். நாற்பத்து நான்கு வயது மாநகரசபை கிளார்க் ஒருவன் பார்பிப் பொம்மைக்குச் சடை பின்னுவதை வெளியே சொல்வதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம். கலகெதரையில் தையற்கடை வைத்திருக்கும் ஸுலைஹாவுக்கு மட்டும் தெரியும். அவரும் பொம்மை சேர்ப்பவர். என்னிடம் இருப்பதைவிட நான்கு அதிகம் என்பதை வாரம் ஒருமுறை நினைவூட்டுவார்.

பெப்ரவரி 18, ஞாயிறு

தெல்தோட்டையில் அனுஷியாவின் பெரியம்மா சுப்பம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. கை கழுவப் போனவன் சுவரில் இருந்த சாமித் தட்டைப் பார்த்து நின்றுவிட்டேன். மஞ்சள் சேலை, குங்குமம், எலுமிச்சை மாலை. நடுவில் ஒரு சாண் உயரத்தில் பார்பி!

சும்மா பார்பியும் இல்லை. நேராகப் பார்க்காமல் ஓரமாகப் பார்க்கிறாள். அறுபதுகளில் வந்தவளுக்குத்தான் அந்தக் கண். பன்னிரண்டு வருடமாக நான் தேடும் கண்.

பெரியம்மா சிறுபெண்ணாகப் பங்களாவில் வேலை செய்தபோது, சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையின் மகள் விட்டுப்போனதாம். இப்போது தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் அம்மன். கிட்டப் போய்ப் பார்க்க வேறு வழி தெரியாமல் விழுந்து கும்பிட்டேன். மாப்பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

பெப்ரவரி 19, திங்கள்

ஸுலைஹாவுக்கு போன் செய்தேன். கம்பெனி முத்திரையைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். அது தெரியாதா எனக்கு? முத்திரை இருப்பது இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்தில். அம்மன் சேலையை நான் எப்படித் தூக்குவது?

பெப்ரவரி 20, செவ்வாய்

இரண்டு கடிதங்களை மாற்றி அனுப்பிவிட்டேன். மேலதிகாரி உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பெப்ரவரி 23, போயா (பௌர்ணமி லீவு)

நேர்த்திக்கடன் என்று சொல்லித் தனியாகப் போனேன். பெரியம்மா தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனதும் சேலைக் கரையைத் தொட்டேன். தொட்டதுதான் — பின்னால் ஓர் இருமல். பெரியம்மாவின் மருமகன் சின்னமுத்து, எனக்குச் சகலை. சேலை கசங்கியிருந்தது, சரிபண்ணினேன் என்றேன். அவன் என் கையைப் பார்த்தான்.

மனசுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன்: என்ன மனுசன்டா நீ? கும்பிடுற இடத்துல போய் இந்த வேலை பாக்குற?

ஆனால் தேத்தண்ணியோடு வந்த பெரியம்மா அந்தச் சேலைப் பேச்சையே பிடித்துக்கொண்டார். பழசாகிவிட்டதாம். மாப்பிள்ளை புதுசு தைத்துத் தர வேண்டுமாம்.

மார்ச் 3, ஞாயிறு

அளவெடுக்க ஸுலைஹாவை அழைத்துப் போனேன். சாமிக்குத் தைப்பது சங்கடமாக இருக்குமோ என்று பஸ்ஸில் கேட்டேன். “சாமியா பொம்மையா எண்டது அவங்கட விசயம். எனக்கு இது சட்டை தைக்க வந்த புள்ள,” என்றார்.

சேலை மாற்றும்போது ஆம்பிளைகள் வெளியே நிற்க வேண்டும் என்றுவிட்டார் பெரியம்மா. பன்னிரண்டு வருடம் தேடியவன் அரைமணி நேரம் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸுலைஹா வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: “ஒரிஜினல்தான். ஜப்பான் எண்டு போட்டிருக்கு.” அந்தக் காலத்துப் பார்பிகள் ஜப்பானில்தான் செய்யப்பட்டன. அவர் முகமெல்லாம் சிரிப்பு. பார்த்தது அவரல்லவா.

அதற்குமேல் பொறுக்கவில்லை. உள்ளே போய், இது வெறும் பொம்மை, எனக்குத் தருவீர்களா என்று கேட்டே விட்டேன். பெரியம்மா கோபப்படவில்லை. கதவைச் சாத்தினார்.

“பொம்மைன்னு எனக்குத் தெரியாதா மாப்ள? அதுக்குத் தலை சீவி விளையாண்டவ நான். சின்னமுத்து குடிச்சிட்டு வந்து எம் மகள அடிச்சுக்கிட்டு இருந்தான். ஒருநா இதுக்குப் பொட்டு வச்சு தட்டுல ஏத்துனேன். அம்மன் கனவுல வந்து ஒன்னய விசாரிச்சிச்சுன்னு அவன்கிட்ட சொன்னேன். ஒம்பது வருசமா அவன் குடிக்கல. நீங்க எடுத்துட்டுப் போயிட்டா அவன யாரு பாத்துக்குவா?”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி போட மறந்திருந்தார்.

மார்ச் 4, திங்கள்

எனக்கு அது வேணும். இன்னமும் வேணும். என்ன செய்ய?

மார்ச் 8, சிவராத்திரி

சிவப்புப் பட்டுச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரையில் ஸுலைஹா மணி மணியாகத் தைத்திருந்தார். உடுத்தி முடித்ததும் பெரியம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். அழகாகத்தான் இருந்தாள்.

பஸ் ஏற்றிவிடச் சின்னமுத்து கூடவே வந்தான். பாதி வழியில், ரோட்டைப் பார்த்தபடி:

“சகல, அத எடுத்துட்டுப் போயிராதீங்க. பொம்மைன்னு எனக்கும் தெரியும். ஆனா சாராயக் கடைப் பக்கம் திரும்புனா அந்த ஓரப் பார்வை முதுகுல ஏறுது. அது இல்லாட்டி நான் போயிருவேன்.”

எடுக்க மாட்டேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது என் வாயிலிருந்து வந்தது என்று உறைத்தது.

“அத்தகிட்ட சொல்லிராதீங்க,” என்றான். “நான் நம்புறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க.”

மார்ச் 17, ஞாயிறு

கொழும்பிலிருந்து பொம்மை சேர்க்கும் ஒருவர் போன் செய்தார். தெல்தோட்டைப் பக்கம் அறுபதுகளின் பொம்மை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். ஸுலைஹாவின் வாய் சும்மா இருக்காது. உண்மையா என்று கொழும்புக்காரர் கேட்டார்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டேன், அது பொம்மை இல்லை என்றேன்.