எஸ்தருக்கு ஒரு கடல் பயணம்

8 ஜூன் 1974, சனி

மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து வாசல் தாண்டாத எஸ்தரை இன்று லாஞ்சில் ஏற்றினோம். அவள் அண்ணன் செய்த ஏற்பாடு. "கடக்காத்து பட்டா மனசு லேசாயிரும், மாப்ள" என்றார். லேசானது எல்லோருடைய வயிறும்தான். துறைமுகம் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. மைத்துனர் தைரியத்துக்காக ஒரு ஞானப்பாட்டைத் தொடங்கி, முதல் அடி முடிவதற்குள் காலைப் பலகாரத்தைக் கடலுக்குக் காணிக்கையாகச் செலுத்தினார்.

லாஞ்ச் சாய்ந்தபோது எல்லோரும் கம்பியைக் கட்டிக்கொண்டோம். எஸ்தர் மட்டும் இரு கைகளையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எக்கா, கம்பியப் பிடிங்க! அலை ஆளத் தூக்கிரும்!" என்று லாஞ்ச்காரர் கத்தினார்.

"தூக்குனா தூக்கட்டும், தம்பி" என்றாள், காப்பி வேண்டாம் என்று சொல்வதுபோல.

நான் கம்பியை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கரை சேரும்வரை விடவில்லை. வலிக்கிறது என்று ஒருமுறைகூட அவள் சொல்லவில்லை.

இப்போது தூங்குகிறாள், அல்லது கண்ணை மூடியிருக்கிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. புறவாசலில் கிணறு இருக்கிறது. இத்தனை வருஷமாக அது எனக்கு வெறும் கிணறாகத்தான் இருந்தது.