நல்ல கை கீழே இறங்கிய சனிக்கிழமை

கேள்வி கேட்டே என்னைப் பிழைக்கவைத்த ரெஜினா அக்காவுக்கு,

உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்து நாற்பது நாள் ஆகிறது. நீங்கள் இருந்தவரை கேட்பது நீங்கள், பதில் சொல்வது நான். இப்போதுதான் என்னிடம் கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

மட்டக்குதிரையில் துணிமூட்டையோடு விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் வியாபாரத்துக்குப் போய்வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஓர் ஐப்பசி மழைக்கு மறுநாள், கரிசல் பாதை வழுக்கிக் குதிரை முன்னங்காலை மடித்து விழுந்தது. நான் அதன் தலையைத் தாண்டி ஓடைக்கரையில் போய் விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. நெற்றிக்கு மேலே ஒரு வீக்கம். அதை நானே பெரிதாக நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் நீங்கள் நர்ஸ். எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தீர்கள். அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும், வேலை முடிந்து போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்.

“விரலை மடக்குங்க தம்பி. மரத்துப் போகுதா?” என்பீர்கள். அது எனக்குப் புரிந்தது. அடுத்து, “தலை வலிக்கா? வாந்தி வந்துதா? பகல்ல ரொம்பத் தூங்குதீங்களா?”

“கை ஒடிஞ்சதுக்கும் தூக்கத்துக்கும் என்னக்கா சம்மந்தம்?”

“கேட்டாச் சொல்லுங்களேன்.”

என் மனைவி ஆமினா கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாள். “போன வாரமும் இதையேதான் கேட்டாவ.”

நாலு வாரமும் இல்லை, இல்லை என்றே சொன்னேன். ஐந்தாவது வாரம் காலையில் எழுந்தால் தலை வலித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். உங்களிடம் சொல்லக்கூடாது என்று ஏன் தோன்றியது? பொங்கல் வியாபாரத்துக்குள் குதிரையேற வேண்டும் என்ற அவசரமாக இருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை டீக்கடையிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலேயே நீங்கள் வந்தீர்கள், கையில் ஒற்றைச் செருப்போடு.

“இது உங்க செருப்புதான?”

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை.

“வார் தொளதொளன்னு இருக்குக்கா.”

நீங்கள் வாரை இழுத்துப் பார்த்தீர்கள். இறுக்கமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் என்னை உட்காரச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னீர்கள். மாவுக்கட்டின் பாரத்தில் இடது கை தாழும் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அது இருந்த இடத்திலேயே இருந்தது. அடிபடாத நல்ல கை, வலது கை, ஒரு சாண் கீழே இறங்கிக் கிடந்தது. நான் அதைத் தாழ்த்தவில்லை அக்கா. அது தானாக இறங்கியிருந்தது. ஆமினாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

“இவிய நாலஞ்சு நாளா எப்பம் பார்த்தாலும் படுத்தே கெடக்காவக்கா. சோம்பல்னு நெனச்சேன்” என்றாள்.

“நாளைக்குப் பாப்போம்” என்றேன்.

“நாளைக்கு இல்ல. இப்பமே.”

டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். அவர் சீட்டு எழுதித் தர, அன்றைக்கே மதுரைக்கு ரயிலேறினோம். உடுப்பைக்கூட மாற்றாமல் நீங்களும் வந்தீர்கள். அங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, விழுந்த நாளிலிருந்து மண்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து மூளையை அமுக்குகிறது, துளையிட்டு எடுக்க வேண்டும் என்றார்கள்.

“கை ஒடிஞ்சதுக்கு இவிய தலையில ஓட்டை போடணுமாக்கும்?” என்று ஆமினா அழுதாள்.

“அன்னைக்கே தலையிலயும் அடி பட்டிருக்கு ஆமினா. கை சத்தம் போட்டுச்சு, தலை சும்மா இருந்துச்சு. அவ்வளவுதான்” என்றீர்கள்.

எரிந்த எண்ணெய் மாதிரிக் கறுப்பாகப் பழைய ரத்தம் வந்தது என்று பிறகு சொன்னீர்கள். மூன்றாம் நாள் வலது கையால் டம்ளரைத் தூக்கினேன். “இன்னும் நாலு நாள் போயிருந்தா...” என்றார் டாக்டர். ஊர் திரும்பிய பிறகும் சனிக்கிழமைகள் நிற்கவில்லை. வைகாசி வரை குதிரைப் பக்கமே என்னை விடவில்லை நீங்கள்.

எனக்கு மட்டும்தான் இந்தக் கவனிப்பு என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். உங்கள் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில்தான் தெரிந்தது. உழவு மாட்டின் மேலிருந்து விழுந்த ஒருவர், ஜட்கா வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்ட ஒருவர், இப்படிப் பலர். “எங்க வீட்டுக்கும் வருவாவ” என்றார்கள்.

“உங்களுக்கு என்ன கண்டுபிடிச்சாவ?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டுட்டுப் போயிருவாவ.”

எல்லோருமே ஒன்றும் இல்லை என்றார்கள் அக்கா. அத்தனை வாசலிலும் அந்த ஒரே பதிலை வாங்கிக்கொண்டு, கால் கடுக்க வீட்டுக்கு நடந்தீர்களே, உங்களுக்குச் சலிக்கவில்லையா? அடுத்த வாசலுக்கு எதை நினைத்துக்கொண்டு போவீர்கள்?

இங்கே ஒரு செய்தி. மாட்டுத் தரகர் சுப்பையா போன மாதம் சந்தையில் குதிரையிலிருந்து விழுந்து தோளை உடைத்துக்கொண்டார். சென்ற சனிக்கிழமை நான் போனேன். “என்ன பாய், துணி விக்க வந்தீரா?” என்றார். நீங்கள் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். “கிறுக்குப் புடிச்சிருக்கா ஓய்?” என்று எரிந்து விழுந்தார். அவர் மனைவிதான் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தலைவலி இல்லை, தூக்கம் சரியாக இருக்கிறது, நடை நேராக இருக்கிறது. ஒன்றும் இல்லை.

வெளியே வந்தபோது மனசு அப்படி லேசாக இருந்தது. ஒன்றும் இல்லை என்ற சொல் இவ்வளவு இனிக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இதற்காகத்தான் நடந்தீர்களா அக்கா?

இந்தச் சனிக்கிழமையும் அவர் வீட்டுக்குப் போவேன். திட்டினாலும் போவேன், அதற்கடுத்த சனிக்கிழமையும் போவேன். ஏதாவது தப்பாகத் தெரிந்தால், நாளைக்கு என்று அவர் சொல்ல விடமாட்டேன்.

வேறு தாய் வயிற்றில் பிறந்த உங்கள் தம்பி,
காதர் மைதீன்
கோவில்பட்டி