வெள்ளிக்கிழமை வந்தவர்

என் பிரியமான முருகேசண்ணனுக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் கிழமைகள் உண்டா என்று எனக்குத் தெரியாது. இல்லாமல் இருந்தால் நல்லது. கிழமை தப்பி வந்தீர்கள் என்று சொல்லித்தான் உங்களை இரண்டு முறை வாசலோடு திருப்பி அனுப்பினோம்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கும்படி எழுதப் போகிறேன், பேரைப் போடலாமா என்று உங்கள் மனைவியிடம் கேட்டேன். லக்கெரெயில் வீட்டு வாசலில் கனகா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த சட்டையை உதறிக்கொண்டே, "நம்பர் போட்டதெல்லாம் போதும் சிஸ்டர். அவரு பேரப் போடுங்க. என் பேரையும் போடுங்க" என்றார். அதனால் போடுகிறேன்.

கோபத்தில்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால், "வுடும்மா, டாக்டருங்களும் பாவம், எத்தினி பேரத்தான் பாப்பாங்க" என்று சொல்லியிருப்பீர்கள். அந்தப் பேச்சைக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

போன மாதம் ஒரு மாநாட்டுக்குப் போனேன் அண்ணே. எச்.ஐ.வி. சிகிச்சையில் இருக்கிற டாக்டர்கள், நர்ஸுகள், கவுன்சலர்களுக்கு மூன்று நாள் மாநாடு, நம்ம பெங்களூரிலேயே ஒரு பெரிய ஓட்டலில். நர்ஸ் ஒருத்தியாவது வேண்டும் என்று கடைசி நேரத்தில் என்னை அனுப்பினார்கள். கழுத்தில் மாட்ட அட்டை, தோளில் மாட்டச் சணல் பை, சேலையில் குத்திக்கொள்ளச் சிவப்பு ரிப்பன். ஏ.சி. குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது. டீ வேளையில் நாலு வகை பிஸ்கட் வைத்திருந்தார்கள். எங்கள் ஓ.பி.யில் பெஞ்சில் இடம் கிடைக்காமல் நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலையில் எங்கள் பெரிய டாக்டர் மேடை ஏறினார். உங்களுக்குத் தெரியும் அவரை. தோளில் தட்டி "ஹேகிதீரா", எப்படி இருக்கீங்க, என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போவாரே, அவர்தான். மாத்திரையை ஒழுங்காக வாங்க வராத நோயாளிகளை என்ன செய்வது என்று பேச வந்தார். அவர் கெட்டவர் இல்லை. மற்ற ஆஸ்பத்திரிகளில் கையுறை போட்டுக்கொண்டுகூடத் தொடத் தயங்கிய காலத்தில் உங்களை மாதிரி ஆட்களின் கையைப் பிடித்து நாடி பார்த்தவர். அதை எழுதாவிட்டால் எனக்கே நியாயமாகப் படாது. அதனாலேயே அன்றைக்கு எனக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது.

திரையில் வரிசையாக நோயாளிகள் வந்தார்கள். பேர் கிடையாது, நம்பர் மட்டும். நாற்பத்தொன்றாம் நம்பர்: ஆண், வயது முப்பத்து நாலு, பீன்யாவில் லேத் ஆப்பரேட்டர், மூன்று தடவை வரவில்லை, டிஃபால்ட்டர், மரணம். பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதற்குள் 'நோயாளியின் அலட்சியம்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

அண்ணே, அது நீங்கள்.

டிஃபால்ட்டர் என்பது, குறித்த நாளில் மருந்து வாங்க வராதவருக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்திருக்கிற பேர். ரெஜிஸ்டரில் அவர் பேருக்கு நேரே சிவப்பு மையில் 'டி' என்று ஒரு எழுத்துப் போடுவோம். மூன்று டி விழுந்தால் அவருடைய ஃபைல் கீழ் டிராயருக்குப் போய்விடும். எங்கள் ஓ.பி.யில் அந்த ரெஜிஸ்டரும் சிவப்புப் பேனாவும் என் பொறுப்பு. உங்களுக்கு மூன்று டி-யையும் போட்டது நான்தான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஓ.பி. செவ்வாய்க்கிழமை மட்டும். மாத்திரை அலமாரிச் சாவி மருந்தாளுநர் ஜோசப் சாரிடம் இருக்கும், அவர் மற்ற நாட்களில் எங்களுடைய இன்னொரு கிளையில் இருப்பார். உங்களுக்குச் செவ்வாய் சௌகரியமாகத்தான் இருந்தது, ஏனென்றால் உங்கள் கம்பெனிக்குக் கரண்டு ரஜா அன்றைக்கு. பீன்யாவில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டாம். எந்தத் தெருவுக்கு என்றைக்குக் கரண்டை நிறுத்துகிறார்களோ அன்றைக்குத்தான் அந்தத் தெருக் கம்பெனிகளுக்கு வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கரண்டு இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடும். மாநாட்டுக் கூடத்தில் இருந்த அத்தனை டாக்டர்களில் எத்தனை பேர் கரண்டு ரஜா என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

கோடை வந்ததும் உங்கள் தெருவுக்கு ரஜா வெள்ளிக்கிழமைக்கு மாறியது. நீங்கள் வெள்ளிக்கிழமை வந்தீர்கள். கேட்டில் வாட்ச்மேன், "இவத்து இல்லப்பா, மங்களவார பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை வா என்று அர்த்தம். அந்தச் செவ்வாயே முதல் டி-யைப் போட்டு முடித்திருந்தேன்.

அடுத்த மாதமும் வெள்ளிக்கிழமை வந்தீர்கள். இந்தத் தடவை வாட்ச்மேனைத் தாண்டி என் மேசை வரைக்கும் வந்துவிட்டீர்கள். நான் ஸ்டாக் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"என்னாம்மா பண்றது, ரஜாவ வெள்ளிக்கெழமைக்கு மாத்திட்டானுங்க. செவ்வாக்கெழம லீவு கேட்டா எதுக்குன்றான் சூப்பர்வைசர். எதுக்குன்னு சொல்றது?" என்று கேட்டீர்கள்.

"ரூல் அப்படிண்ணே. அடுத்த செவ்வாய் எப்படியாவது வந்துடுங்க" என்றேன். தலையைத் தூக்கித்தான் சொன்னேனா என்பதுகூட ஞாபகம் இல்லை.

"செரிம்மா, நீ வேலயப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஏன் அண்ணே ஒரு சத்தம் போடவில்லை? மேசையைத் தட்டி நாலு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மூன்றாவது மாதம் நீங்கள் எந்தக் கிழமையும் வரவில்லை. மூன்றாவது டி-யைப் போட்டு ஃபைலைக் கீழ் டிராயரில் வைத்தேன். அதற்கப்புறம் கனகா அக்கா உங்களை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தபோது உங்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

கூடத்துக்கு வருகிறேன். முன் வரிசையில் ஒரு டாக்டர் எழுந்து, நாற்பத்தொன்றாம் நம்பருக்குக் குடிப்பழக்கம் இருந்ததா என்று கேட்டார். எங்கள் பெரிய டாக்டர், "இருந்திருக்கலாம்" என்றார். பண்டிகைக்குக்கூட நீங்கள் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும், உங்கள் ஃபைலிலும் இருக்கிறது.

அதற்குப் பிறகு தன் யோசனையைச் சொன்னார். ரெஜிஸ்டரில் டி விழுந்த குடும்பத்தில் வேறு யாருக்காவது மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமானால், முதலில் அவர்கள் விடாமல் மூன்று மாதம், குறித்த நாளில் வந்து காட்ட வேண்டும். ஒரு நாள் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் ஆஸ்பத்திரியில் இதை நடைமுறைப்படுத்திவிட்டதாகவும் நல்ல பலன் தெரிவதாகவும் சொன்னார். கை தட்டினார்கள்.

அந்தப் பலன் யாரென்று எனக்குத் தெரியும். கனகா அக்காவுக்கு உடனே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும் என்று ரத்தப் பரிசோதனையில் வந்து நாளாகிவிட்டது. ஆனால் உங்கள் பேரில் மூன்று டி இருக்கிறது. அவருக்குக் கார்மெண்ட்ஸில் வேலை, லீவு ஞாயிற்றுக்கிழமை. ஒரு செவ்வாய் வந்தார், அடுத்த மாதம் ஷிப்மெண்ட் என்று விடவில்லை, மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொல்லிவிட்டார்கள். உடம்பு இளைத்து, ஜாக்கெட்டுகளையெல்லாம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு நடந்ததை அவருக்கும் நடத்திக்கொண்டிருந்தோம், அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

எழுந்து மைக்குக்குப் போனேன். இங்கிலீஷ் எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியுமே.

"சார், நாற்பத்தொன்னு வந்தார்" என்றேன்.

தலைமை தாங்கியவர், "சிஸ்டர், ப்ளீஸ், கொஸ்டின் மட்டும்" என்றார்.

"கொஸ்டின்தான் சார். அவர் ரெண்டு தடவை வெள்ளிக்கிழமை வந்தார். அவருக்கு அன்னிக்குத்தான் லீவு. நாங்க மூடி வெச்சிருந்தோம். வந்தவர் டிஃபால்ட்டரா, மூடி வெச்சவங்க டிஃபால்ட்டரா?"

தமிழிலும் இங்கிலீஷிலும் கலந்துகட்டிச் சொன்னேன். பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். "இதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். சாப்பாட்டு வேளையில் ராய்ச்சூர் பக்கத்து நர்ஸ் ஒருத்தி என் அருகில் வந்து, "நம்மல்லூ அதே ரீ" என்றாள். எங்களிடத்திலும் அதே கதைதான் என்றாள். வேறு ஒருவரும் என்னிடம் பேசவில்லை.

தனியாகப் பேசுவது காரிடாரில் நடந்தது. "ஸ்டெல்லா, நம்ம வீட்டு விஷயத்த ஊர் முன்னாடி வெக்கலாமா? அவர் வந்ததுக்கு ரெக்கார்ட் இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி சரியான கேள்வி அண்ணே. ரெக்கார்ட் இல்லை. வராததை எழுத எங்களுக்கு ஒரு எழுத்து இருக்கிறது. வந்து திரும்பிப் போனதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் பழைய ரெஜிஸ்டரை எடுத்தேன். அழிக்கவில்லை. முதல் இரண்டு டி-யின் மேலும், கீழே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் 'வெள்ளிக்கிழமை வந்தார், நாங்கள் திருப்பி அனுப்பினோம்' என்று எழுதினேன். மூன்றாவதிலும் கோடு போட்டு, 'திருப்பி அனுப்பியதால் வரவில்லை' என்று எழுதினேன். மூன்றின் கீழும் முழுக் கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டேன். வாட்ச்மேனிடம் படித்துக் காட்டினேன். அவரும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் செவ்வாய். கனகா அக்கா மாமியார் இறந்துவிட்டதாகச் சொல்லி லீவு போட்டு வந்தார். உங்கள் அம்மாவை மூன்றாவது தடவையாகச் சாகடித்திருக்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். டூட்டியில் இருந்த சின்ன டாக்டர் ரெஜிஸ்டரை வாங்கி, நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார். "இதுல டி எதுவும் இல்லையே" என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்தார். கனகா அக்கா அங்கேயே, என் மேசைத் தண்ணீரிலேயே, முதல் மாத்திரையை விழுங்கினார்.

இப்போது எனக்கு மெமோ வந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் பதிவேட்டில் திருத்தம் செய்தது ஏன் என்று கேட்கிறார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் மேற்கொண்டு நடவடிக்கை இருக்காதாம். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும், எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள் என்கிறார்கள். கொடுக்கப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. வையுங்கள், நான் வருகிறேன் என்று கேட்டுப் பதில் அனுப்பப் போகிறேன்.

ஆனால் மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. அது உங்களிடம். போன வாரம் ஜோசப் சாரிடம் கேட்டேன், அந்த வெள்ளிக்கிழமை நான் போன் போட்டிருந்தால் சாவியோடு வந்திருப்பீர்களா என்று. "கூப்பிட்டிருந்தா அரை மணி நேரத்துல வந்திருப்பேனே சிஸ்டர், நீங்க கூப்பிடவே இல்லையே" என்றார். அவருடைய நம்பர் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது அண்ணே. இருக்கிறது. பெரிய டாக்டர் மேலும் வாட்ச்மேன் மேலும் ரூல் மேலும் இத்தனை பக்கம் கோபப்பட்டுவிட்டு, இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

கனகா அக்காவுக்கு ஒரு மாதம்கூட மாத்திரை தப்பாது. ஓ.பி. வைத்தாலும் வைக்காவிட்டாலும், வேலை இருந்தாலும் போனாலும், அது என் பொறுப்பு. அந்த மேசையில் நான் உட்கார்ந்திருக்கிற வரைக்கும், யார் எந்தக் கிழமை வந்து நின்றாலும் முதலில் போனை எடுப்பேன்.

உங்கள் தங்கச்சி,
ஸ்டெல்லா