பாகு ஓடும் சூடு

அன்பு மகனே,

எண்ணெய் வயல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் என்பதால் உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்கிறேன். வேறொன்றும் இல்லை.

பஸ்ராவில் இந்த வருஷக் குளிருக்கு நம் பேரீச்சம்பாகு குழாயிலேயே இறுகி நின்றுவிட்டது. வெளிநாட்டுக்குப் போகும் முதல் சரக்கு. வெள்ளிக்கிழமை கப்பலில் ஏறாவிட்டால் ஆலையைப் பூட்ட வேண்டியதுதான். முப்பது வருஷம் கச்சா எண்ணெய் பம்பு ஓட்டிய மேதாவி அல்லவா நான்? கெட்டி எண்ணெய்க்கு வைக்கிற சூட்டையே பாகுக்கும் வைத்தேன். அரைத் தொட்டி கருகிப்போனது.

உன் மாமா விரலால் தொட்டு நக்கினார். “அபூ மைதம், பாகு காய்ச்சச் சொன்னா தார் காய்ச்சி வெச்சிருக்கீரே! ஏத்துமதி எதுக்கு? ரோடு போடலாம்!”

மைதமின் அப்பா என்றுதானே ஊரே என்னைக் கூப்பிடுகிறது! நான் செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் உன் பெயர் ஒலிக்கிறது. நானும் வாசலைப் பார்த்துவிடுகிறேன்.

“எண்ணெய விட்டுட்டுப் பேரீச்சங்கொட்டைய நம்புறீங்களே” என்று நீ சொல்லிப் போனது இருக்கட்டும். எண்ணெய் எந்தச் சூட்டில் எப்படி ஓடும் என்று அளக்கிற உன் கருவி, பாகையும் அளக்குமா? கருகாமல் ஓடுகிற சூடு ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

உங்கள் ஷிப்ட் பஸ்ஸில் இரண்டு குப்பி கொடுத்தனுப்புகிறேன். ஒன்று கருவிக்கு, ஒன்று ரொட்டிக்கு. கூடவே குழைத்துக்கொள்ள எள் விழுது கேட்டேன். உன் அம்மா தரவில்லை. “அது இங்கதான் இருக்கும். வேணும்னா வந்து சாப்பிடச் சொல்லுங்க” என்கிறாள்.

நான் அப்படியெல்லாம் சொல்லவில்லை. சூடு மட்டும் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
தார் காய்ச்சும் உன் அப்பா